பேர் தெரியாத நாலு மாத்திரை

பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதியபோதும் பாப்பா அசையவில்லை. நேற்று வரைக்கும் அந்தச் சங்குக்குக் கையும் காலும் ஒருசேரத் தூக்கிப் போடும், உதடு பிதுங்கும், அப்புறம் அழுகை வரும், சண்முகக்கனி அள்ளி மார்போடு போடுவாள். இன்றைக்குச் சங்கு ஊதி முடிந்து, தெரு நாய் ஒன்று அதற்குப் பதில் ஊளையிட்டு அதுவும் ஓய்ந்துவிட்டது, பாப்பாவின் வலது கை காதோரம் மடங்கியது மடங்கியபடியே இருந்தது. ஒன்பது இருபதுக்குத் தூங்கினாள். இருபதா, கால்தானா? கடைசியாகக் கடிகாரம் பார்த்தது எப்போது? பார்க்கவே இல்லை, பக்கத்து வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, அதை வைத்துத்தான் ஒன்பது இருபது. குக்கரை நம்பிக் கணக்குப் போடுகிற அளவுக்கு ஆகிவிட்டது பிழைப்பு. கனியின் உள்ளங்கையில் அந்தச் சின்னக் காகிதக் கவர் வியர்வையில் நனைந்து கிடந்தது. மெடிக்கலில் செட்டு செட்டாகப் போட்டுக் கொடுத்தது. ஒரு செட்டுக்கு நாலு. பெரிய வெள்ளை ஒன்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக மஞ்சள் ஒன்று, செம்மண் நிறத்தில் ஒன்று, பாதியாக உடைத்த இன்னொரு வெள்ளை. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துப் போட்டதால் எதற்கும் பேர் இல்லை. கவரின் மேல் சூரியன், அரைச் சூரியன், நிலா என்று மூன்று படம் அச்சடித்திருந்தது, அவ்வளவுதான். பெற்ற பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்காதவள் மாத்திரைக்குப் பேர் தேடுகிறாளாக்கும் என்று அவளுக்கே ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது, சிரிப்பு தொண்டையைத் தொட்டதும் இருமல் கிளம்பிவிட்டது.

இருமல் வந்தால் தலையணை வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் இருந்து இழுத்து அடிவயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன் தையல் ஒரு கோடி முதல் மறு கோடி வரைக்கும் பிரிகிறது போல இருக்கும். பிரியாது, நாற்பத்தேழு நாளாகிவிட்டது, எல்லாம் ஒட்டிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் வயிற்றுக்கு அது தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு தடவை இருமி, கண்ணில் நீர் வந்து, மூக்கு அடைத்து, காதுக்குள் ஙொய் என்று சத்தம் வந்து, அதெல்லாம் அடங்கினதும் முதலில் பாப்பாவைத்தான் பார்த்தாள். இத்தனை சத்தத்துக்கும் எழும்பவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது. ஏறுகிறதா? அந்த மஞ்சள் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும். ஏறுகிறது. சரி. அடுப்படியிலிருந்து மாமியார் தங்கபுஷ்பம் குரல் கொடுத்தாள். "ஏட்டி கனி, மத்தியான மாத்திரைய முழுங்கியாச்சா? இந்தா சோறு வடிச்சுட்டேன், ரெண்டு வாய் தின்னுட்டுப் போடு. இருமி இருமிப் பிள்ளைக்கும் ஒட்ட வச்சிராத." பிள்ளைக்கும் ஒட்ட வச்சிராத. அதுவும் நியாயம்தானே. நாலு நாளாக மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டிக்கொண்டுதான் பால் கொடுக்கிறாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது. சளி ஒட்டிவிடக் கூடாது என்று மாத்திரை, மாத்திரை ஒட்டிவிடக் கூடாது என்று பயம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். "போடுதேன் அத்தை" என்றாள். போடவில்லை.

நேற்று ராத்திரி போட்டாள், இன்றைக்குக் காலையிலும் போட்டாள், அதுதான் விஷயம். நேற்றுச் சாயந்திரம் அவர் மெடிக்கலிலிருந்து வாங்கி வந்தார், சாப்பாட்டுக்கு மேல் ஒரு செட்டு, அரை மணி நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு போயிற்று. அப்படித் தூங்கி எத்தனை மாசம் ஆயிற்று! கடைசியாகப் பால் குடித்துவிட்டுப் பாப்பாவும் தூங்கினாள். காலையில் அத்தை காப்பியோடு வந்து, ராத்திரி ஒரு சத்தம் இல்லையே, தங்கப் பிள்ளை, ஆத்தாளுக்கு உடம்பு சரியில்லன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு பாரு என்று பாப்பாவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கி நெட்டி முறித்தாள். கனியும் பெருமைப்பட்டாள். பத்து மணியிலிருந்து அஞ்சு மணி வரை, ஏழு மணி நேரம், ஊரில் எந்தப் பிள்ளை இப்படித் தூங்கும். பிறந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்காத பிள்ளை! அப்போதே தோன்றியிருக்க வேண்டாமா? இல்லை, பாப்பா அழுதிருப்பாளோ, அழுது அழுது பார்த்திருப்பாளோ, தான்தான் கட்டைபோலக் கிடந்தோமோ, பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளையின் மேல் கை விழுந்திருந்தாலும் தெரிந்திருக்காதே. இந்த நினைப்பு வந்ததும் கனி பாப்பாவை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அதைத் தள்ளிவிட்டு வேறு நினைக்கப் பார்த்தாள். முந்தாநாள் ஒன்றரை மாத ஊசி போட்டது, அந்த அசதியாக இருக்கும். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், சிணுங்கும் என்றுதான் சொன்னார்கள். காய்ச்சல் ஒரு நாள் வந்தது, போய்விட்டது, நேற்று மத்தியானம் பாப்பா முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். சிரித்தது நேற்று மத்தியானம். மாத்திரை நேற்று ராத்திரி. திரும்பத் திரும்ப எந்த வழியில் போனாலும் நினைப்பு அந்த இடத்துக்கே வந்து நின்றது.

அப்புறம் ரவிக்கை. அதை வெகு நேரமாகவே கவனித்திருக்கிறாள், கவனிக்காத மாதிரி இருந்திருக்கிறாள். வழக்கமாக இரண்டு மணி நேரம் ஆனால் போதும், மார்பு கல்லாகக் கனத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால்கூடப் பால் கசிந்து ரவிக்கை நனைந்து, துணியை மடித்து உள்ளே வைத்து, அதுவும் நனைந்து, ஒரு நாளைக்கு நாலு மாற்று. இன்றைக்குக் காலையிலிருந்து ஒரே ரவிக்கை. கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்து இருந்தது. மூன்று மணி நேரமாகப் பிள்ளை குடிக்கவில்லை, ரவிக்கை காய்ந்து இருக்கிறது. சளி ஒழுகுகிற மூக்கை வற்றச் செய்கிற மாத்திரைக்கு மூக்கு எது, மார்பு எது என்று தெரியுமா என்ன? யாரிடம் கேட்பது? கேட்டால் பைத்தியம் என்பார்கள். நாங்க எல்லாம் பிள்ளை பெறலையா, மாத்திரை முழுங்கலையா என்று அத்தை சொல்வாள், மூன்று பெற்று வளர்த்தவள், அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை. ஆனால் ஊசி போடப் போன இடத்தில் பாக்கியவதி நர்சக்கா சொன்னதும் நினைவுக்கு வந்தது. அத்தனை பெண்களும், கூட வந்த ஆம்பிளைகளும் உட்கார்ந்திருக்க, பெஞ்சைத் தட்டித் தட்டித்தான் அந்த அக்கா பேசும். "எந்தக் கடைக்குப் போனாலும், எந்த டாக்டர்ட்டப் போனாலும், நான் பால் குடுக்கேன், பிள்ளைக்கு இத்தனை நாள்னு மொதல்ல சொல்லணும். சளி இருமல் மாத்திரதானன்னு நெனச்சிராதீங்க. நீங்க முழுங்குறது உங்க வயித்தோட நிக்காது. ரெண்டு மாசம் ஆகாத பிள்ளைக்கு ஈரல் கிட்னி எல்லாம் இப்பத்தான் வேலை கத்துக்கிடுது." அப்போது கனி தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவு சத்தமாகவா சொல்வார்கள், பால் குடுக்கேன் பால் குடுக்கேன் என்று. எதிரே இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் படித்தார்கள். நர்சக்கா இன்னொன்றும் சொன்னது, பிள்ளை வழக்கத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பாருங்கள், எழும்பாவிட்டாலோ சப்பாவிட்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள் என்று.

எழுப்பு. அவ்வளவுதானே. கையை நீட்டினாள், பாப்பாவின் பாதத்துக்கு அருகே போய்க் கை நின்றது. தூங்குற பிள்ளையை எழுப்பக் கூடாது. இந்த வீட்டில் அது சட்டம். தூங்குகிற பிள்ளையைப் பார்த்துப் பேசக் கூடாது, அழகாயிருக்கு என்று சொல்லக் கூடாது, எழுப்பவே கூடாது, எழுப்பினால் பயந்துகொள்ளும், சீர் தட்டிச் சீக்கு வரும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று வேறு ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அழாத பிள்ளை என்ன செய்யும்? அழ முடியாமல் கிடக்கிற பிள்ளையின் ஆத்தா என்ன செய்வாள், பழமொழியைக் கேட்டுக்கொண்டு குந்தியிருப்பாளா? பன்னிரண்டு நாற்பது. செம்பில் தண்ணீர் இருந்தது, கவர் கையில் இருந்தது, முழுங்கினால் இருமல் நிற்கும், தையல் வலிக்காது, நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கத்துக்கு உடம்பு கெஞ்சியது. அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. உடம்பே, நீ சும்மா கிட. கவரைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நாலும் யாருக்கு என்று சொல்லி வாங்கியது?

அவர் என்பது சுயம்பு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். முப்பது டன் கண்டெய்னரை அந்தரத்தில் தூக்கிக் கப்பலின் மேல் பூப்போல வைக்கிற மனுஷனுக்கு, கடையில் நின்று பெண்டாட்டி சம்பந்தப்பட்ட ஒரு வார்த்தையை நாக்கின் மேல் தூக்கி வைக்க முடியாது. கல்யாணமான புதிதில் நாப்கின் வாங்கி வரச் சொன்னதற்கு, நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, அதையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடத்தல்காரன் மாதிரி வந்தார். நல்ல மனுஷன். ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதாராம், அத்தைதான் சொன்னாள். நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகம் இல்லை, நல்ல மனுஷன் மெடிக்கலில் என்ன சொன்னார் என்பதுதான் தெரிய வேண்டும். சாப்பாட்டு நேரம், கிரேனை விட்டு இறங்கியிருப்பார். போன் போட்டாள்.

"என்ன கனி, சாப்பிட்டியா? இருமல் எப்படி இருக்கு?"

"அது இருக்கட்டும். நேத்து மெடிக்கல்ல என்ன சொல்லி மாத்திர வாங்குனீய?"

"என்ன சொல்லி... சளி, இருமல், உடம்பு வலின்னு சொன்னேன்."

"பால் குடுக்கிற ஆளுக்குன்னு சொன்னீயளா?"

அந்தப் பக்கம் எவனோ ஊறுகாய் கேட்கிற சத்தம் வந்தது. சுயம்பு குரலைத் தாழ்த்தினார். "கடையில ஒரே ஆம்பளக் கூட்டமா நின்னுச்சு கனி."

"அதனால?"

"யாருக்குன்னு அண்ணாச்சி கேட்டாரு." டிபன் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது. "எனக்குத்தான்னு சொல்லிட்டேன்."

கனி போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தாள். எனக்குத்தான். எண்பது கிலோ ஆம்பிளைக்கு அளந்து போட்ட மருந்து. அது தன் வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் இறங்கி, மார்பில் இறங்கி, நாலே கால் கிலோப் பிள்ளையின் தொண்டையில் இறங்கியிருக்கிறது, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. போனுக்குள் அவர் "கனி, கனி, பாப்பாக்கு என்ன?" என்று பதறிக்கொண்டிருந்தார். பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. "எழுப்பப் போறேன். எழும்பலேன்னா பெரியாஸ்பத்திரிக்குப் போறேன், நேரா அங்க வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கு மேல் நினைப்புக்கு இடம் இல்லை, அல்லது நினைப்பு கைக்கு இறங்கிவிட்டது. பாப்பாவின் சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள், பாதத்தைப் பெருவிரலால் தேய்த்தாள், காதருகே பேசினாள். கால் தொளதொளவென்று இருந்தது, விட்டால் விழுந்தது. "ஏட்டி, என்ன பண்ணுத? தூங்குற பிள்ளைய எதுக்கு உலுக்குத?" என்று கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்றாள் தங்கபுஷ்பம். கனி திரும்பவில்லை. "எழுப்புதேன் அத்தை. ஒங்க மகன் மாத்திரைய தனக்குன்னு சொல்லி வாங்கியிருக்காவ. ஆம்பளைக்குக் குடுத்தத நான் முழுங்கிப் பிள்ளைக்குக் குடுத்துருக்கேன். அதுதான் ராத்திரி பூராத் தூங்குச்சு." தான் இப்படி அத்தையிடம் ஒரு மூச்சில் இத்தனை பேசியது இதுதான் முதல் தடவை என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தங்கபுஷ்பம் காலையில் நெட்டி முறித்த விரலைப் பார்த்தாள். "எடுபட்ட பய" என்று மகனை ஒரு வார்த்தை வைதாள், கரண்டியைத் தரையில் போட்டாள், செம்பில் இருந்த தண்ணீரில் முந்தானையை நனைத்துப் பிழிந்து பாப்பாவின் முகத்தையும் நெஞ்சையும் துடைத்தாள். "எந்திரி தாயி. எந்திரி என் ராசாத்தி. கண்ண முழிச்சு இந்தக் கெழவியப் பாரு." கனி இந்தக் காலை, அத்தை அந்தக் காலை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாளா, சாமியைக் கும்பிட்டாளா, எதுவும் அவளுக்கு நினைவில்லை. பாப்பாவின் புருவம் சுருங்கியது. உதடு பிதுங்கியது. ஒரு சின்ன முனகல், அப்புறம் இன்னொன்று, அப்புறம் முகம் செக்கச்செவேலென்று ஆகி வீடே அதிர ஒரு கத்தல்.

துணியை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மார்பில் போட்டாள். இதைக் கொடுக்கலாமா, இதிலும் அது இருக்காதா என்று ஒரு கணம் கை தயங்கியது. காலை மாத்திரை போட்டு நாலரை மணி நேரமாயிற்று. இனி ஒன்றும் போடப் போவதில்லை, பாலை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி கண் சொருகியது. விடவில்லை கனி. கன்னத்தைத் தட்டினாள், காதைத் தடவினாள், மறுபக்கம் மாற்றினாள். பால் வர நேரமாயிற்று, வெகு நேரம், பாப்பா கோபத்தில் முட்டினாள், முட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள் கனி, முட்டு, கோபப்படு, கடிக்கப் பல் இல்லை, இருந்தால் கடி. ஒரு வழியாக நெஞ்சுக்குள் அந்தப் பழகின சுருக் வந்தது, முழுங்குகிற சத்தம் கேட்டது, க்ளக், க்ளக். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதாள். மூக்கு ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்ததால் அழுகைக்குத் தனி அடையாளம் இல்லாமல் போயிற்று. கால் மணி நேரம் குடித்து, ஏப்பம் விட்டு, கண்ணை அகல விழித்து விட்டத்தில் ஓடுகிற காற்றாடியைப் பாப்பா பார்த்தாள். மடியில் கதகதவென்று நனைத்தும் விட்டாள். அதைக்கூட அத்தை பெருமையாகப் பார்த்தாள். கனி சுயம்புவுக்கு எழும்பியாச்சு, குடிச்சாச்சு என்று இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். "உச்சி வெயில்ல பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு எங்கட்டி போற? அவன் வந்து கேக்கட்டும்" என்றாள் தங்கபுஷ்பம். "அவுக கேட்டதுதான் பாத்தாச்சுல்லா அத்தை" என்றாள். பெற்றவள் படியிறங்கக் கூடாத நாற்பது நாளும் கழிந்துவிட்டது, தடுக்க வேறு காரணம் கிடைக்கவில்லை. தங்கபுஷ்பம் குடையைப் பிடுங்கி விரித்துத் தானும் கூட இறங்கினாள்.

மெடிக்கல் நாலு வீடு தள்ளித்தான். நாலு வீட்டுக்குள் எத்தனை தடவை வார்த்தையைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாள். இன்றைக்கும் ஆம்பிளைக் கூட்டம்தான், அஞ்சு பேர், இரண்டு லோடுமேன், ஒரு பேங்க்காரர், பைக்கில் சாய்ந்தபடி இரண்டு பேர். வழி விட்டார்கள். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "வாம்மா. சுயம்புக்குச் சளி கொறஞ்சுட்டா?" என்று கேட்டார். கனி இடுப்பிலிருந்து கவரை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கவிழ்த்தாள். நாலு மாத்திரையும் உருண்டன.

"அவுகளுக்குச் சளியே இல்ல அண்ணாச்சி. எனக்குத்தான். நான் பால் குடுக்கேன். நாப்பத்தேழு நாள் பிள்ளை. ரெண்டு செட்டு முழுங்கிட்டேன், பிள்ளை எழும்பாமத் தூங்குச்சு. இந்த நாலுக்கும் பேரு சொல்லுங்க."

சொன்ன பிறகு பார்த்தால் ஒன்றும் இடிந்து விழவில்லை. லோடுமேன் இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள், பேங்க்காரர் தன் சீட்டைப் படித்தார். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டினார். பெரிய வெள்ளையைத் தனியே தள்ளினார். "இது பாராசிட்டமால். இது போடலாம், ஒண்ணும் செய்யாது. இந்த மஞ்சள்தான் தூக்கம். இந்தச் செம்மண்ணு மூக்கடைப்புக்கு, பாலக் கொறைக்கும். சொல்லியிருந்தா ரெண்டையும் குடுத்திருக்கவே மாட்டேனே தாயி." பாதி வெள்ளையை விரலால் மூடினாற்போல வைத்துக்கொண்டார். "இதுக்கு?" என்றாள் கனி. "அது சும்மா, சீக்கிரம் கேக்கட்டும்னு போடுறது." "பேரு அண்ணாச்சி." அவர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார், அவள் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு நின்றாள். "ஸ்டீராய்டு" என்றார் மெதுவாக. நாலு மாத்திரையின் பேரையும் கவரின் மேலே எழுதித் தரச் சொல்லி வாங்கினாள். பிள்ளையைக் கொண்டுபோய் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடு, இந்தக் கவரையும் காட்டு என்று அவராகவே சொன்னார். அதற்குத்தான் போகிறேன் என்றாள். ஆட்டோவுக்குக் கை காட்டத் திரும்பியபோது, பைக்கில் சாய்ந்திருந்தவர்களில் ஒருவன், மீசைகூட இன்னும் அடர்த்தியாகாத வயசு, பெட்டியின் மேல் குனிந்து, தான் வாங்கி வைத்திருந்த இருமல் மருந்துப் பாட்டிலைத் திருப்பி வைத்தான். "அண்ணாச்சி, இது எனக்கில்ல. வீட்டுல அவளுக்கு." ஒரு தடவை கனியைப் பார்த்துக்கொண்டான். "அவளும் பால் குடுக்கா."

பாப்பா அப்போதுதான் மறுபடி கத்தத் தொடங்கினாள், கடையைத் தாண்டி ரோடு முழுக்கக் கேட்டது. கனி தட்டி அமர்த்தவில்லை, கத்தட்டும் என்று விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.